ஆறு அங்குலம்

அனுமதிச் சீட்டில் நான்கு விதிகள்.
ஆறு அங்குலத்துக்குக் கீழே தோண்டக் கூடாது.
மரத்தின் வேரைத் தொடக் கூடாது.
நகராட்சிச் சொத்து கிடைத்தால் ஒப்படைக்க வேண்டும்.
குழியை மூட வேண்டும், இங்கே ஒருத்தி
குனிந்தாள் என்பதே தெரியாதபடி.

நான்காவதில் நான் கெட்டிக்காரி.
புல்லை மூன்று பக்கம் அறுத்து
நான்காம் பக்கத்தைக் கீலாக விட்டு
கதவு போலத் திறப்பேன்.
மண்ணைத் துண்டில் கொட்டி, எடுத்ததை எடுத்து,
கதவைச் சாத்தி மேலே ஒரு மிதி.
வாழ்க்கையில் வேறெதையும்
இத்தனை சுத்தமாகச் சாத்தியதில்லை,
இரண்டு திருமணங்கள் உட்பட.

லின்டெல் பூங்கா, அலபாமா, ஞாயிறு.
தேவாலயம் விடுவதற்குள் இரண்டு மணி நேரம்.
காதில் கருவியின் பேச்சு:
இரும்புக்கு உறுமல், தகரத்துக்கு விக்கல்,
வெள்ளிக்கு மட்டும் தெளிந்த ஒரு மணி.
பெரும்பாலும் விக்கல்தான்.
கோலா டப்பாவின் காது,
சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள்,
யாரோ யாரிடமோ கோபித்து எறிந்த
ஒரு சின்னச் சாவி.

பழைய வாத்திய மேடைப் பக்கம் மண் ஒழுங்கானது.
மேலே என் காலத்துக் காசு,
கீழே அப்பா காலம்,
அதற்கும் கீழே, அவருக்கு முந்தியவர்களின்
ஓட்டைப் பைகளிலிருந்து விழுந்தவை.
தபால் நிலையத்தில் நிற்பதுபோல்
வருடங்கள் வரிசையில் நிற்கும்.

ஊஞ்சலுக்கு அப்பால் அந்தச் சமதளத்தில் மட்டும்
கணக்கு உதைத்தது.
இரண்டு அங்குலத்தில் 1919.
நான்கில் 1957.
நடுவே தண்டவாளத்து ஆணி ஒன்று,
தண்டவாளமே இல்லாத பூங்காவில்.
மண்ணை யாரோ
தலைகீழாகக் கவிழ்த்திருக்கிறார்கள்.

ஐந்தரையில் பித்தளை.
வட்டத் தகடு, ஒரு துளை, துருவேறிய ஊக்கு.
எச்சில் தொட்டுத் தேய்த்தேன்: 41.
அடியில் பொடி எழுத்தில்: நகராட்சி நீச்சல் குளம்.

எந்தக் குளம்?
ஐம்பத்தெட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன்.
ஒவ்வொரு கதவு எண்ணும் எனக்குத் தெரியும்.

கிளியோஃபஸ் ரெய்னி தன் நாயோடு வந்தார்.
இருபது வருடமாக அவருக்குத் தபால் போடுகிறேன்,
மழையைப் பற்றித் தவிர பேசியதில்லை.
தகட்டைப் பார்த்தார். பிறகு என் பூட்ஸை.
“ஆழமான பக்கத்துல நிக்கிறே, லவோன்.”
“நீங்க நீந்தியிருக்கீங்களா?”
“வேலிக்கு வெளியே நின்னு
ஏணிக்குப் பக்கத்துல எட்டுனு எழுதியிருந்ததைப்
படிச்சிருக்கேன்.
எங்களையும் உள்ளே விடணும்னு
நீதிபதி சொன்ன அந்த வாரமே லாரி வந்துச்சு.”
நாய் இழுத்தது. போய்விட்டார்.

லாரி.

ஹாய்ட் டீக், என் அப்பா, நகராட்சி ஓட்டுநர்.
சாப்பாட்டு மேசையில் அவர் சொல்லிச் சிரிக்கும் கதை:
அறுபத்திரண்டில், மூன்று நாள், இரட்டைக் கூலி,
பழைய ரயில் முற்றத்து மண்ணை
இரவும் பகலும் அடித்தது.
அந்தப் பணத்தில்தான் வந்தது குளிர்பெட்டி.
எங்கே கொட்டினீர்கள் என்று
எங்களில் யாரும் கேட்கவில்லை.
பால் ஜில்லென்று இருந்தது. குடித்தோம்.

முழுப் பூசணிக்காய்தான்.
சோறு, நூற்றுப் பதினேழு லாரி.
அந்த எண்ணிக்கையை அவர் மறந்ததே இல்லை.

எனக்கு அனுமதி ஆறு அங்குலம்.
குளம் எட்டடி.

தகடு நகராட்சிச் சொத்து.
திங்கள்கிழமை ஒப்படைப்பேன்.
பெற்றுக்கொண்டவர் கையெழுத்து வேண்டும் என்பேன்,
பதிவுத் தபாலுக்குக் கேட்பது போல,
பெயரைப் புரியும்படி எழுதச் சொல்லி.

தேவாலயம் விட்டது.
ஞாயிற்றுக்கிழமைச் செருப்புகளோடு பிள்ளைகள்
ஆழமில்லாத பக்கத்திலிருந்து ஓடி வந்தார்கள்.
என் கை தன் பாட்டுக்கு
துண்டிலிருந்த மண்ணைக் குழிக்குள் தள்ளத் தொடங்கியது,
ஒரு துகள் சிந்தாமல், பரம்பரைத் தொழில் போல.

பிடித்து நிறுத்தினேன்.

புல் கதவு திறந்தே கிடக்கிறது.
பக்கத்தில் ஈரச் செம்மண், ஒரு துண்டு நிறைய.
அபராதம் எழுபத்தைந்து டாலர்.
காசோலையில் எதற்காக என்ற இடத்தில்
41 என்று எழுதியிருக்கிறேன்.